கீசகன் வேஷம்

எஸ்.வி. ரங்காராவ் யாருக்குச் சொந்தம் என்று ஹைதராபாத் உப்பலில் எங்கள் தெருவில் ஒரு வழக்கு வெகுகாலமாக நடக்கிறது. எதிர்வீட்டு வதினா அவரைத் தெலுங்கு மண்ணின் சொத்து என்பாள். கிருஷ்ணா ஜில்லா நூஸ்வீடில் பிறந்தவர், காக்கிநாடாவில் படித்தவர், அப்புறம் என்ன பேச்சு என்பது அவள் வாதம். நான் செய்யாறு பக்கத்துக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். எனக்கு அவர் 'படிக்காத மேதை'யின் ராவ் பகதூர், 'கற்பகம்' மாமனார். தமிழ்ப் படத்தில் அவர் பேசிய தமிழ் அவர் வாயிலிருந்து வந்த தமிழ்தான், இரவல் குரல் இல்லை. ராமந்தாபூர் தூர்தர்ஷன் கோபுரம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். பழைய தெலுங்குப் படம் போடுகிற நாட்களில் வதினா வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துதான் 'நர்த்தனசாலா'வை முதலில் பார்த்தேன். அதில் ரங்காராவ் கீசகன்.

கீசகனை எனக்கு அதற்கு முன்பே தெரியும். எங்கள் பக்கத்துக் கூத்தில் 'கீசக வதம்' இல்லாத திருவிழா குறைவு. மழை பொய்த்த வருஷம் விராட பர்வம் வைத்தால் வானம் இறங்கும் என்று ஊரே நம்பும். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். பின்னாலிருந்து முதலில் சலங்கைச் சத்தம் மட்டும் வரும். கட்டியங்காரன் கேலி பேசிப் பேசித் திரைக்குள் இருப்பவனைச் சீண்டுவான். திரை விலகினால் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமுமாகக் கீசகன், முகமெல்லாம் சிவப்பு. விடிய விடிய கத்துவான். கிரீடத்தின் கனத்துக்கும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கும் கடைசி வரிசை ஜனத்துக்கும் அந்தச் சத்தம் தேவை. எங்கள் ஆயாவுக்குக் கீசகன் வந்தால் வெற்றிலை இடிக்கிற கை நின்றுவிடும். "பாவி, இன்னிக்கு ராத்திரி செத்தான்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுவாள். புடவை போர்த்திப் படுத்திருக்கும் பீமனிடம் அவன் சரசம் பேசப் போகிற இடத்தில் சிரித்துக்கொண்டே திட்டுவாள்.

மேடைக்கும் சினிமாவுக்கும் இந்த ஆள்மேல் அப்படி என்ன ஆசையோ தெரியவில்லை. தெலுங்கு நாட்டின் சுரபி நாடகக் குடும்பங்கள் 1885-இல், கடப்பை ஜில்லாவின் சுரபி கிராமத்தில், முதன்முதலில் மேடையேறியது 'கீசக வத'த்தில்தான். வனாரச கோவிந்தராவ் தொடங்கி வைத்தார். அதுவரை அவர்கள் தோல்பாவை ஆட்டிய மராட்டிய வம்சாவளியினர். பாவையை விட்டுவிட்டு மனிதர்களே ஆடலாம் என்று தீர்மானித்த அன்று கைக்கு வந்த கதை இது. பெண் வேஷத்தைப் பெண்களுக்கே கொடுத்ததும் இந்தச் சுரபிக்காரர்கள்தான். 1907-இல் மராத்தியில் காடில்கர் ஒரு 'கீசக வதம்' எழுதினார். அதில் கீசகன் என்றால் வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபு, திரௌபதி என்றால் பாரத தேசம். கொட்டகையில் உட்கார்ந்தவர்கள் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சர்க்காருக்கும் புரிந்து, 1910-இல் தடை போட்டது. பிறகு சென்னையில், மோட்டார் உதிரிபாக வியாபாரியாக இருந்த நடராஜ முதலியார் புரசைவாக்கத்தில் ஸ்டுடியோ போட்டு எடுத்த ஊமைப்படமும் 'கீசக வதம்'. தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அதுதான். 1916, 1917, 1918 என்று ஆராய்ச்சிக்காரர்கள் ஆளுக்கொரு வருஷம் சொல்கிறார்கள். முதலியார் கேமரா கற்றுக்கொண்டது, கர்சன் பிரபுவைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம். கர்சனைக் கீசகனாக்கியது ஒரு நாடகம், கர்சனைப் பிடித்த கேமராக்காரரின் சீடர் எடுத்த முதல் படத்தில் மறுபடி கீசகன். கதையில் எழுதினால் இட்டுக்கட்டியது என்பார்கள்.

ஏறக்குறைய அந்தச் சமயத்தில், 1918 ஜூலை 3-ஆம் தேதி, சாமர்ல வெங்கட ரங்காராவ் பிறந்தார். பாட்டி அவரைச் சென்னையில் வைத்து வளர்த்தாள். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். வதினாவுடனான வழக்கில் என்னுடைய முக்கியமான சாட்சி இந்தப் பள்ளிக்கூடம்தான். திருவல்லிக்கேணித் தெருவில் விளையாடிய பிள்ளைக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. பிறகு குடும்பம் ஆந்திரா பக்கம் போனது. காக்கிநாடா பி.ஆர். கல்லூரியில் பி.எஸ்சி. முடித்தார். அங்கே யங் மென்ஸ் ஹேப்பி கிளப் என்று ஒரு நாடகக் குழு. அஞ்சலிதேவியும் அவர் கணவர் ஆதிநாராயண ராவும் அதிலிருந்து வந்தவர்கள்தான்.

நம் பக்கத்து நடிகர்களிடமிருந்து ரங்காராவ் விலகி நிற்பது இந்த இடத்தில். எம்.ஆர். ராதா, டி.எஸ். பாலையா, சிவாஜி எல்லோரும் சின்ன வயசில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே சாப்பிட்டு, அடி வாங்கி, ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் போட்டு வளர்ந்தவர்கள். அந்தப் பயிற்சிக்கு ஈடு எதுவும் கிடையாது. ஆனால் அதன் முத்திரை கடைசிவரை உடம்பில் இருக்கும். குரல் எப்போதும் கொட்டகையின் பின்சுவரைத் தேடிப் போகும். ரங்காராவோ பட்டம் வாங்கிய, சாயந்தர வேளை நடிகர். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை வகையறா என்று வைத்துக்கொள்ளலாம். நாடகம் அவருக்குச் சோறு போடவில்லை. சோறு போட்டது தீயணைப்புத் துறை. பந்தர் என்கிற மசூலிப்பட்டினத்திலும் விஜயநகரத்திலும் அந்த உத்தியோகம் பார்த்தார். அந்த ஆகிருதியோடு நெருப்பின் முன்னால் நின்று ஆட்களை ஏவியிருப்பார் என்று நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் படம் 'வரூதினி', 1947-இல். அதில் அவர் கதாநாயகன் பிரவரன். படம் ஓடவில்லை. அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய் டாட்டா கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அங்கும் நாடகம் விடவில்லை. திரும்பி வந்து, சின்னச் சின்ன வேஷங்களுக்குப் பிறகு, 1950-இல் விஜயா நிறுவனத்தின் 'ஷாவுகாரு'வில் தெரு ரௌடியாக வந்தார். அடுத்த வருஷம் கே.வி. ரெட்டியின் 'பாதாள பைரவி'. அந்த நேபாள மந்திரவாதியைப் பார்த்த பிறகு இவர் ஒரு காலத்தில் நாயகனாக நடித்துத் தோற்றார் என்பது நல்ல காரியமாகவே எனக்குப் படுகிறது. 'வரூதினி' ஓடியிருந்தால் கண்ணைச் சுருக்கி, குரலைத் தாழ்த்திப் பேசுகிற அந்தத் தாடிக்காரன் நமக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

1957-இல் 'மாயாபஜார்'. தமிழிலும் தெலுங்கிலும் தனித்தனியாக எடுத்த படம். தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். கடோத்கஜன் மட்டும் இரண்டிலும் ரங்காராவ். லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போகிற அந்தக் கல்யாணச் சாப்பாட்டுப் பாட்டை எல்லோரும் சொல்கிறார்கள். மார்கஸ் பார்ட்லியின் கேமரா வித்தை அது. எனக்கு அதைவிட முக்கியம் சாவித்திரி வருகிற பகுதி. கடோத்கஜன் கல்யாணப் பெண்ணின் உருவம் எடுத்துக்கொள்கிறான். அதாவது, ரங்காராவாக நடிக்க வேண்டிய வேலை சாவித்திரிக்கு. தலையை ஒருபக்கம் சாய்த்து, தோளை அசைத்து, ஒரு பெண் உடம்புக்குள் அந்த மலையை நிறுத்திக் காட்டுகிறார். சாவித்திரியின் கெட்டிக்காரத்தனம் பாதி. மீதி, ரங்காராவின் நடையும் அசைவும் இன்னொருவர் எடுத்துப் போட்டுக்கொள்ளும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. கூத்துக்காரன் கடோத்கஜனுக்குக் கட்டை கட்டிக் கனம் ஏற்றுவான். இவர் கையில் கதாயுதத்தை வைத்துக்கொண்டே குழந்தை மாதிரி சந்தோஷப்படுவார். கனம் தானாக வந்துவிடும்.

அந்தக் கதை சுரபிக்காரர்களுடைய மேடைச் சொத்தும்கூட. சுரபியின் ஒரு பெரிய குழு ஹைதராபாத்தில்தான் இருக்கிறது. அதன் தலைவராக இருந்த பாப்ஜி என்ற நாகேஸ்வர ராவுக்கு 2013-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது உப்பலில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டையில் மாறி, லக்டிகாபூலில் இறங்கினால் ரவீந்திர பாரதிக்கு நடந்தே போய்விடலாம். சுரபியின் 'மாயாபஜா'ரை அங்கே வதினாவோடு பார்த்தேன். மேடையிலும் லட்டு பறக்கிறது, கண்ணுக்குத் தெரியாத நூலில். அம்பும் அம்பும் நடுவானத்தில் மோதித் தீப்பொறி பறக்கிறது. கடோத்கஜனாக வந்த பையன் நன்றாகவே செய்தான். ஆனால் ரங்காராவின் சிரிப்பைத்தான் சிரித்தான். மேடை சினிமாவுக்குக் கொடுத்த வேஷம், சினிமா பூசிய சாயத்தோடு மேடைக்கே திரும்பியிருக்கிறது.

'நர்த்தனசாலா' 1963-இல் வந்தது. கமலாகர காமேஸ்வர ராவ் இயக்கம். பிருகன்னளையான அர்ஜுனன் என்.டி. ராமாராவ், சைரந்திரியான திரௌபதி சாவித்திரி, உத்தரை எல். விஜயலட்சுமி. கீசகனின் அக்காள் சுதேஷ்ணை நம் சந்தியா, ஜெயலலிதாவின் அம்மா. பீமனாக வந்தவர் தண்டமூடி ராஜகோபால் என்ற பளுதூக்கும் வீரர். சண்டைக்கு நடிகரை விட்டு நிஜப் பயில்வானைத் தேடியதிலிருந்தே கீசகன் எவ்வளவு பெரிய ஆளாக நினைக்கப்பட்டான் என்று தெரிகிறது.

வதினா வீட்டில் அதைப் பார்த்தபோது திரை விலகிச் சிவப்பு முகம் அலறப் போகிறது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். வந்தவர் அலறவில்லை. மெதுவாக நடந்தார். தன் பலத்தில் சந்தேகமே இல்லாதவனுக்கு அவசரம் எதற்கு? சைரந்திரியைக் கண்டதும் அந்த ஆள் கொஞ்சம் சின்னவனாகிறான். கண்ணில் ஒரு மயக்கம், குரலில் ஒரு கெஞ்சல், அக்காளிடம் போய்ப் பிள்ளை மாதிரி பிடிவாதம். அரண்மனையில் எதைக் கேட்டாலும் கிடைத்துப் பழகியவனின் பிடிவாதம் அது. அவன் செய்வது அக்கிரமம் என்பதில் ஒரு நிமிஷமும் நமக்குக் குழப்பம் வராது. ஆனாலும் சாவை நோக்கி அவன் அலங்காரம் செய்துகொண்டு போகிறபோது அடிவயிற்றில் என்னவோ செய்யும். கூத்துக் கீசகன் செத்தால் ஊர் கைதட்டும், அது ஒரு நியாயம். இந்தக் கீசகன் சாகும்போது வதினாவும் நானும் பேசாமல் இருந்தோம். ரங்காராவின் கலையில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்: மேடையின் ஆகிருதியைக் குறைக்காமல் மேடையின் சத்தத்தை மட்டும் கழற்றி வைத்தார்.

இந்த வேஷத்துக்காக 1964-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆப்பிரிக்க–ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. இந்திய சர்க்காரின் பத்ம விருது ஒன்றுகூட அவருக்கு வரவில்லை. 2013-இல் ஒரு தபால்தலை வந்தது, அவர் போய் 39 வருஷம் கழித்து.

1963-இன் வேடிக்கை இத்தோடு முடியவில்லை. கீசகனாகச் சாவித்திரியைத் துரத்திய அதே வருஷம் தமிழில் அவர் 'கற்பகம்' படத்தின் பாசக்கார அப்பா, 'நானும் ஒரு பெண்' படத்தில் விஜயகுமாரியின் மாமனார். அதற்கு மூன்று வருஷம் முன்பு 'படிக்காத மேதை'யில் வீட்டைவிட்டுப் போன, தான் வளர்த்த ரங்கனை நினைத்து, சீர்காழி கோவிந்தராஜன் குரலில் வரும் பாரதியின் கண்ணன் பாட்டுக்கு வாயசைத்தார். பெரிய உடம்புக்காரர் அழுவது சினிமாவில் லேசில் எடுபடாது, சிரிப்பு வந்துவிடும். இவர் அழுதால் வராது. முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டைத் தேடுவது மாதிரி அழுவார், நம் வீட்டு ஆண்கள் அழுகிற விதத்தில். தெலுங்கு ஜனத்துக்கு அவர் கம்சன், நரகாசுரன், துரியோதனன், எமன், இரணியன். தமிழ் ஜனத்துக்கு அவர் அப்பா. விந்திய மலைக்கு இந்தப் பக்கம் வேறு யாரும் இரண்டு பாஷையில் இப்படி இரண்டு பிறவி எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெரு வழக்கு தீராததற்கும் இதுதான் காரணம். நாங்கள் இரண்டு பேரும் வெவ்வேறு ஆளைப் பற்றிச் சண்டை போடுகிறோம்.

படமும் இயக்கினார். 'சதரங்கம்' 1967-இல், 'பாந்தவ்யாலு' 1968-இல். இரண்டாவது, கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் 'கண் கண்ட தெய்வம்' படத்தின் தெலுங்கு வடிவம். தமிழில் அவர் நடித்த அண்ணன் வேஷத்தையே மறுபடியும் போட்டார். நந்தி விருது வாங்கிய படம். எனக்கு அவர் இயக்குநராகப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில் இன்னும் இரண்டு அசுரன் வேஷம் கட்டியிருக்கலாம்.

1974-இன் தொடக்கத்தில் ஹைதராபாத்தில் மாரடைப்பு வந்தது, பிழைத்துக்கொண்டார். ஜூலை 18-ஆம் தேதி சென்னையில் மறுபடி வந்தது. வயது 56. அப்போதும் தெலுங்குப் படவுலகின் பெரும்பகுதி சென்னையில்தான் இருந்தது. நடிகர் நாகேஸ்வர ராவின் அன்னபூர்ணா ஸ்டுடியோ இங்கே ஹைதராபாத்தில் திறந்ததே 1976-இல்தான். ரங்காராவ் போன பிறகு அவர் விட்ட வேஷங்களுக்குக் கைகால சத்யநாராயணா வந்தார். 1977-இல் 'யமகோலா'வில் எமனாகச் சிரிக்க வைத்தார், 1995-இல் கடோத்கஜனாகவும் வந்தார். நல்ல நடிகர், குறை சொல்ல மாட்டேன்.

'மாயாபஜா'ருக்கு 2010-இல் வண்ணம் பூசி வெளியிட்டார்கள். வதினாவின் பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எனக்கு அதில் கடோத்கஜனின் தங்க நகைதான் முதலில் தெரிகிறது, முகம் அப்புறம். முதல்முறை பார்க்கிறவர்களுக்குக் கறுப்பு வெள்ளையைத்தான் சொல்வேன். முடிந்தால் தமிழையும் தெலுங்கையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள். அதே மனிதர் இரண்டு பாஷையிலும் ஒரே கணத்தில் புருவத்தை உயர்த்தினாலும், தெலுங்கில் சொல் கொஞ்சம் முன்னால் வருகிறது, தமிழில் சிரிப்பு.