படியும் முத்திரையும்: எசாலம் செப்பேடும் ஒரு கிளவுட் சர்வரும்

போன மார்கழியில் திண்டிவனத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கடை வைத்திருக்கும் ஒரு வியாபாரிக்கு பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொள்பவர். அது ஓடுவது வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரில்.

"அண்ணே, யாரோ உள்ள பூந்துட்டான். உடனே சர்வரை டெலிட் பண்ணிட்டு, பேக்கப்ல இருந்து புதுசு ஏத்திட்டேன். கடை ஓடுது."

"சரி தம்பி, எப்படிப் பூந்தான்?"

மறுமுனையில் சத்தமே இல்லை. முதலாளிக்கோ, ஒரு மாதம் முன்பு வேலையை விட்டு நின்ற பையன்மேல் சந்தேகம். அவன் செய்தானா இல்லையா என்று சொல்லக்கூடிய சாட்சி அந்தச் சர்வர்தான். அதுதான் இப்போது இல்லை.

இந்தச் சிக்கல் நம் ஊருக்குப் புதிதல்ல. கோயிலைத் திருப்பணிக்காக இடித்தால் சுவரில் இருக்கும் கல்வெட்டும் போய்விடும். கூடவே நிலத்துக்கான உரிமையும் போய்விடும். வேலூர் பக்கம் திருவல்லத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. திருமண்டபத்தை இடித்துக் கட்டுவதற்கு முன்பு இருந்த கல்வெட்டின் படி இது என்று அதுவே சொல்கிறது. முதலில் படி, பிறகுதான் இடிப்பு. படி என்பதை மறைக்கவும் இல்லை.

இன்னொன்று நம் மாவட்டத்திலேயே உண்டு. 1987இல் விக்கிரவாண்டி பக்கத்து எசாலத்தில் முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. சோழர் செப்பேடுகளில் ஏடுகளை ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை அரச முத்திரையால் மூடிவிடுவார்கள். முத்திரையை உடைக்காமல் ஓர் ஏட்டை உருவவோ செருகவோ முடியாது.

கணினித் தடயவியலும் இந்த இரண்டையும்தான் கேட்கிறது. 2002இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3227 என்ற வழிகாட்டி, சீக்கிரம் அழிவதை முதலில் எடு என்கிறது. நினைவகம், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், திறந்திருக்கும் இணைப்புகள் முதலில், வட்டு அப்புறம். சர்வரை அணைத்தால் நினைவகத்தில் இருந்ததெல்லாம் போச்சு.

கிளவுடில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதனால் முதலில் ஃபயர்வால் விதிகளை மாற்றி, விசாரிப்பவரைத் தவிர யாரும் நெருங்காதபடி சர்வரைத் தனிமைப்படுத்த வேண்டும். தானாகவே அழித்துப் புதிதாக்கும் ஏற்பாடு இருந்தால் அதிலிருந்து விலக்க வேண்டும். நினைவகத்தைப் படியெடுத்த பின் வட்டுக்கு ஸ்னாப்ஷாட். ஸ்னாப்ஷாட்டில் நினைவகம் வராது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எடுத்ததை வேறொரு கணக்குக்கு நகர்த்த வேண்டும். திருடன் கையில் இதே கணக்கின் சாவி இருக்கலாம். கடைசியாக ஹாஷ் மதிப்பு. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் மாறிவிடும். அதுதான் இன்றைய வளைய முத்திரை.

நீதிமன்றமும் இதையே கேட்கிறது. 2014இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம், 65பி சான்றிதழ் இல்லாத மின்னணுப் படியை ஏற்க முடியாது என்றது. 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் அதை உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். சர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவோ, ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் தெரிவி, பதிவுகளை 180 நாள் வைத்திரு என்கிறது.

சர்வர் போனாலும் கிளவுட் கணக்கின் தணிக்கைப் பதிவு தனியாக இருக்கும். நானும் தம்பியும் உட்கார்ந்து அதைப் படித்தோம். வேலையை விட்ட பிறகு அந்தப் பையனின் பெயரில் ஒரு நுழைவுகூட இல்லை. ஆனால் மென்பொருளின் ஓட்டை வழியாக வந்தவனை அந்தப் பதிவு காட்டாது. ஆக, பாதிச் சாட்சிதான். முதலாளி அரைமனதாகத் தலையாட்டினார்.

மீதிப் பாதி அந்த நினைவகத்தில் இருந்தது. இடிக்கும் முன் ஒரு படி எடுத்திருந்தால், அந்தப் பையன் தலைநிமிர்ந்து கடை வாசலில் நின்றிருப்பான்.