தாய் உயிரோடிருந்த அனாதைகள்: ஹவுராவும் நம் கடற்கரையும்

ஹவுரா என்றதும் நம் மனத்தில் எழுபவை இரும்புப் பாலமும் இரயில் நிலையமும்தாம். இன்றைய பாலம் 1943இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய மிதவைப் பாலம் 1874ஆம் ஆண்டினது. முதல் இரயில் புறப்பட்டது 1854இல். இவை ஏதும் இல்லாத 1780களில், கல்கத்தாவிலிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் மட்டுமே சென்றடையக்கூடிய அக்கரையில், ஓர் அனாதை இல்லம் இயங்கிவந்தது. வங்காளப் படையின் அதிகாரிகள் சேர்ந்து உருவாக்கிய இராணுவ அனாதைச் சங்கத்தின் இல்லம் அது. கிறித்தவ மிஷன் வரலாற்றை எழுதுவோர் இவ்வில்லத்தை ஒரு வரியில் கடந்து செராம்பூருக்கும் வில்லியம் கேரிக்கும் விரைந்துவிடுவது வழக்கம். அந்த ஒரு வரியில் சற்று நின்று பார்க்கலாம் என்பதற்காகவே இப்பதிவு. தமிழகத்து வரலாற்று மாணவர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. அதற்கான காரணம் போகப்போக விளங்கும்.

சங்கத்தை முன்னின்று உருவாக்கியவர் மேஜர் வில்லியம் கிர்க்பாட்ரிக். 1782இல் திட்டம் முன்வைக்கப்பட்டு, மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதிகாரிகளின் சம்பளத்திலிருந்து பதவிக்கேற்ப மாதந்தோறும் ஒரு தொகை பிடித்தம் செய்யப்பட்டது. மேல்பள்ளி, கீழ்ப்பள்ளி என இரு பிரிவுகள்: அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு ஒன்று, சாதாரணச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு மற்றொன்று. தந்தையர் போர்க்களத்தில் ஒரே குழியில் புதைக்கப்பட்டிருந்தாலும் பிள்ளைகள் ஒரே பந்தியில் அமர முடியாது.

இங்கே 'அனாதை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தமிழில் நாம் தாயும் தந்தையும் அற்ற பிள்ளையையே அப்படிச் சொல்கிறோம். சங்கத்தின் வழக்கில் தந்தையை இழந்த பிள்ளையே அனாதை. அந்தத் தந்தை ஐரோப்பியர். தாய் பெரும்பாலும் இந்நாட்டுப் பெண். அவள் உயிரோடிருப்பாள், பல வேளைகளில் அதே நகரத்திலேயே இருப்பாள். ஆயினும் பிள்ளையை வளர்க்கும் தகுதி அவளுக்கு உண்டு என்று சங்கம் கருதவில்லை. பிள்ளை கிறித்தவப் பிள்ளையாக, ஆங்கிலப் பிள்ளையாக வளர வேண்டுமெனில் தாயிடமிருந்து பிரிக்கப்பட வேண்டும் என்பது அக்கால அறச்சிந்தனை. கொடுமை செய்கிறோம் என்ற எண்ணம் அவர்களில் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. இரக்கம் என்றே நம்பினார்கள். அதனாலேயே இது வரலாற்றாசிரியனுக்குக் கடினமான பொருளாகிறது.

இரக்கத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. 1786இல் மேல்பள்ளியின் கலப்பினப் பிள்ளைகள் படிப்பை முடிக்க இங்கிலாந்து செல்வது தடுக்கப்பட்டது. 1791இல் இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் குடிமைப் பணி, படை, கடற்பணி ஆகியவற்றின் கதவுகள் அடைக்கப்பட்டன. 1795இல் இன்னும் ஒரு படி: பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்கள் படையில் குழல் ஊதுவோராகவும் முரசடிப்போராகவும் இலாடம் அடிப்போராகவும் மட்டுமே சேரலாம் என்று விதிக்கப்பட்டது. தாயிடமிருந்து பிரித்து ஆங்கிலேயராக வளர்த்தார்கள். வளர்ந்த பின்பு, நீ ஆங்கிலேயன் அல்லன் என்றார்கள்.

இந்த இல்லத்தை நடத்துவதற்காக 1786 ஜூனில் கப்பலிலிருந்து இறங்கியவர் டேவிட் பிரவுன். யார்க்ஷயரைச் சேர்ந்தவர், கேம்பிரிட்ஜில் பயின்றவர், புத்தெழுச்சி இயக்கத்தின் தாக்கம் பெற்ற இளம் குரு. அவரை அனுப்பியது எந்த மிஷன் சங்கமும் அன்று. கம்பெனி ஆட்சிப்பகுதியில் மிஷனரிகளுக்கு வெளிப்படையான அனுமதி கிடைக்காத காலம் அது. அனாதை இல்லக் கண்காணிப்பாளர், படைப்பிரிவின் குருவானவர் என்ற பதவிகளே அவருக்கு வாயிலாயின. பிற்கால மிஷன் வரலாறுகள் அவரை வங்காளத்தின் புத்தெழுச்சிக் குருக்களில் முதன்மையானவராகப் போற்றுகின்றன. அவர் ஹவுராவில் நீடித்ததோ ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். கல்கத்தாவில் பூட்டப்படும் நிலையிலிருந்த ஒரு மிஷன் ஆலயத்தின் பொறுப்பையும் அவர் ஏற்றுக்கொண்டதைச் சங்கத்தின் நிர்வாகிகள் விரும்பவில்லை. ஆற்றின் இக்கரையில் ஆலயம், அக்கரையில் பிள்ளைகள். இரண்டையும் ஒருவர் பார்க்க முடியாது என்றனர். அவர் ஆலயத்தை விட மறுக்க, 1788இல் இல்லத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆலயப் பணிக்கு ஊதியம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். (போகிற போக்கில் ஒன்று: இவருடைய மகன்தான் தெலுங்கு அகராதி தந்த சார்லஸ் பிலிப் பிரவுன். 1798இல் கல்கத்தாவில் பிறந்து, சென்னைக்கு வந்து புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் பயின்றவர்.)

பிரவுன் விட மறுத்த அந்த ஆலயம் கடலூரிலிருந்து புறப்பட்டுப் போன ஒருவர் கட்டியது.

யோஹான் சக்கரியாஸ் கீர்னாண்டர் சுவீடன் நாட்டவர். ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கேயின் நிறுவனங்களில் பயின்று பணியாற்றிய பின், 1740இல் கடலூருக்கு வந்தார். அவருக்கு ஆதரவளித்தது இலண்டனின் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம். பதினெட்டு ஆண்டுகள் கடலூர் மிஷனை நடத்தினார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரையும் புனித டேவிட் கோட்டையையும் கைப்பற்றியபோது மிஷன் சிதறியது. தரங்கம்பாடியில் ஒதுங்கியிருந்த கீர்னாண்டர் அதே ஆண்டு செப்டம்பரில் கல்கத்தா சென்று சேர்ந்தார். டிசம்பரில் ஒரு பள்ளியைத் திறந்துவிட்டார். ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியில்தான் மிஷன் தொடங்க வேண்டும் என்பது அவர் ஹாலேயிலிருந்து கடலூருக்கும் கடலூரிலிருந்து கல்கத்தாவுக்கும் சுமந்து சென்ற பாடம்.

ஹாலேயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாவிட்டால் இது விளங்காது. 1695இல் பிராங்கேயின் வீட்டுத் தருமப் பெட்டியில் ஒருவர் இட்ட 4 தாலரும் 16 குரோஷனும்தாம் அந்த அனாதை இல்லத்தின் முதற்பணம் என்பது மரபுரை. 1698இல் அடிக்கல் நாட்டப்பட்டு, சில பத்தாண்டுகளில் அச்சகம், மருந்தகம், பள்ளிகள் என ஒரு சிற்றூராகவே அது வளர்ந்தது. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபின் அங்கே உண்டாக்கிய உறைவிடப் பள்ளிகள் இம்மாதிரியையே பின்பற்றின. தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்கள் 1710 முதல் ஹாலேயில் அச்சாகி, கொடையாளர்களின் வீடுகளில் வாசிக்கப்பட்டன. எத்தனை பிள்ளைகள், எவ்வளவு செலவு, யார் தேறினர், யார் மாண்டனர் என்ற விவரங்களும் அவற்றில் வரும். கடலுக்கு அப்பாலுள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தை வாசகரின் பணப்பையால் காப்பாற்றுவது என்னும் நடைமுறையின் மிகத் தொடக்கமான, மிகச் சிறப்பாக ஆவணப்படுத்தப்பட்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்று நம் சோழமண்டலக் கரையில்தான் நிகழ்ந்தது. நன்கொடை கேட்கும் இன்றைய கடிதத்தின் மூதாதை அது.

கீர்னாண்டர் அம்மாதிரியிலிருந்து ஒரு வகையில் விலகினார். இரண்டாம் மனைவி ஆன் வழியாகப் பெருஞ்செல்வம் வந்தது. கொடையாளர் கடிதத்துக்குக் காத்திராமல், பெரும்பகுதி தம் சொந்தப் பணத்திலேயே ஆலயத்தைக் கட்டி 1770 டிசம்பரில் திறந்தார். 'பெத் தெபில்லா', அதாவது செபவீடு, என்று அதற்குப் பெயரிட்டார். 1773இல் ஆன் மறைந்தபோது விட்டுச்சென்ற நகைகளின் விலையில் மிஷன் பள்ளிக்குக் கட்டடம் எழுந்தது. சொந்தப் பணத்தில் எழுந்த மிஷனுக்குச் சொந்தக் கடனே பகையாயிற்று. 1787இல் குடும்பம் நொடித்தது. கடன்காரர்களுக்காக ஆலயத்தின் மீது ஷெரிப்பின் முத்திரை விழுந்தது. முதியவர் சின்சுராவுக்குச் சென்று ஒடுங்கி, 1799இல் காலமானார். கடலூரில் போர் செய்ததைக் கல்கத்தாவில் கடன் செய்தது.

ஆலயத்தையும் பள்ளியையும் 10,000 ரூபாய் கொடுத்து மீட்டவர் கம்பெனி அதிகாரி சார்லஸ் கிராண்ட். 1776இல் அம்மை நோயில் தம் இரு சிறு பெண்களையும் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தபின் பக்தி வாழ்வுக்குத் திரும்பியவர் இவர். பொறுப்பேற்ற மூவர்: கிராண்ட், பிரவுன், மூன்றாமவர் வில்லியம் சேம்பர்ஸ். சேம்பர்ஸின் பெயர் நம்மவர்க்குப் புதிதன்று. மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மிகப் பழைய கட்டுரைகளுள் ஒன்று அவருடையது. 1788இல் கல்கத்தாவின் ஆசியவியல் ஆய்வுத் தொகுதியின் முதல் மடலில் வெளிவந்தது. சென்னையில் மொழிபெயர்ப்பாளராக இருந்த நாள்களில் அவர் தஞ்சையின் சுவார்ட்ஸ் ஐயரோடு நெருங்கிப் பழகியவர். ஆக, ஹவுரா அனாதை இல்லத்தின் கண்காணிப்பாளர் எந்த ஆலயத்துக்காகத் தம் பதவியை இழந்தாரோ, அந்த ஆலயம் கடலூர் மிஷனரி கட்டியது. சுவார்ட்ஸின் நண்பர் அதன் பொறுப்பாளருள் ஒருவர். வங்காளத்தின் சீர்திருத்தத் திருச்சபை வரலாற்றைக் கேரி வந்திறங்கிய 1793இல் தொடங்குவோர் இந்தத் தென்னாட்டு வேரைத் தொடாமலே விட்டுவிடுகின்றனர் என்பது என் நெடுநாள் மனக்குறை.

பின்னர் இலண்டன் கழகம் அனுப்பிய ஆள்கள் நிலைக்கவில்லை. 1789இல் வந்த கிளார்க் விரைவிலேயே கம்பெனிக் குருவானார். 1797இல் வந்த ரிங்கல்தௌபே இரண்டாண்டுகளில் திரும்பிப் போனார். அவரே இலண்டன் மிஷனின் சார்பில் 1804இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்பு மயிலாடியில் பணி தொடங்கினார். குமரி மாவட்டத்தார் கொண்டாடும் அதே ரிங்கல்தௌபே.

ஹவுரா இல்லமோ 1790 அளவில் ஆற்றின் இக்கரையிலுள்ள கித்தர்பூர் மாளிகைக்கு மாறியது. அங்கே நடந்த நடன விருந்துகளுக்கு இளம் அதிகாரிகள் மனைவி தேடி வந்த கதைகள் பயண நூல்களில் ஏராளம். அவற்றை இங்கே விடுகிறேன்.

அதே காலத்தில் சென்னை எழும்பூரில் 1789இல் ஆண் பிள்ளைகளுக்கான இராணுவ அனாதை இல்லம் தொடங்கியது. அதன் பிள்ளைகளும் பெரும்பாலும் இந்தியத் தாய்மாரின் மக்களே. அங்கே கண்காணிப்பாளராயிருந்த ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டு, மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட சிறுநூலால் அது 'மெட்ராஸ் முறை' என்று உலகெங்கும் பரவியது. நூலின் புகழில் பாதி அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்கு உரியது; பெற்றவர் பெல்.

அரை நூற்றாண்டு கழித்து ஹவுராவுக்கும் எழும்பூருக்கும் இடையே எதிர்பாராத ஒரு கோடு இழுக்கப்பட்டது. ஹவுராவின் சிப்பூரில், தாவரவியல் தோட்டத்தை ஒட்டி, பேராயர் மிடில்டன் 1820இல் நிறுவிய பிஷப்ஸ் கல்லூரியில் மைக்கேல் மதுசூதன் தத் பயின்றார். 1843இல் மதம் மாறியவர் அவர். தந்தை பணம் அனுப்புவதை நிறுத்தியதும் கல்லூரியை விட்டு, 1848இல் சென்னைக்கு வந்தார். வேலை கிடைத்த இடம் ஆண் அனாதை இல்லத்துப் பள்ளி. அதே ஆண்டு அவர் மணந்த ரெபெக்கா பெண் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். அவருடைய ஆங்கிலக் காவியம் 1849இல் சென்னையில் அச்சானது. 1856இல் தத் கல்கத்தாவுக்குத் திரும்பினார். ரெபெக்காவும் பிள்ளைகளும் சென்னையிலேயே விடப்பட்டனர். வங்கக் கவிதையின் வரலாறு அந்த ஆண்டிலிருந்து ஒளி பெறுகிறது. அனாதை இல்லத்தில் வளர்ந்த பெண்ணின் பிள்ளைகள், தந்தை உயிரோடிருக்கும்போதே தந்தையற்றவராயினர்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், ஹவுராவின் பில்கானாச் சேரி. பிரெஞ்சுக் குரு பிரான்சுவா லாபோர்த் 1960களில் அங்கே குடியேறி மக்களோடு வாழ்ந்தார். 1976இல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஹவுரா சவுத் பாயிண்ட் அமைப்பைத் தொடங்கினார். தொமினிக் லாப்பியேரின் 1985ஆம் ஆண்டு நூலான 'மகிழ்ச்சியின் நகரம்' பில்கானாவை உலகறியச் செய்தது. அந்நூலுக்கு முன்னோட்டம் பாரக்பூரில் நிகழ்ந்தது. ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஸ்டீவன்ஸ் 1970இல் தொடங்கிய 'உதயன்' இல்லம் 1981இல் பணமின்றி மூடப்படவிருந்தது. அவ்வேளையில் வந்த லாப்பியேர் 50,000 டாலர் கொடுத்து அதை நிமிர்த்தினார். பின்பு நூல் வருவாயில் பாதியையும் இத்தகைய பணிகளுக்கே ஒதுக்கினார். எழுத்து, வாசகர், பணம், இல்லம்: ஹாலே 1710இல் கண்ட அதே சங்கிலி.

உதயனின் பிள்ளைகளும் அனாதைகள் அல்லர். தொழுநோயுற்ற பெற்றோரின் மக்கள் அவர்கள், பெற்றோர் உயிரோடிருந்தனர். ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1780களின் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்ததற்குக் காரணம் அவளுடைய இனமும் மதமும். உதயனில் காரணம் நோயும், நோயைவிடக் கொடிய ஒதுக்குதலும். இரண்டையும் ஒரே குற்றச்சாட்டில் கட்டுவது எளிது. பின்காலனிய ஆய்வு சில வேளைகளில் அந்த எளிமைக்கு ஆட்படுகிறது. அதற்காக, தொண்டரின் நல்லெண்ணத்தைச் சொல்லித் தாயின் இழப்பை மறைக்கும் பழைய மிஷன் நூல்களுக்கும் நாம் திரும்ப வேண்டியதில்லை.

துர்பா கோஷ் 2006இல் வெளியிட்ட காலனிய இந்தியக் குடும்பம் பற்றிய நூல், வங்காளத் திருமுழுக்குப் பதிவேடுகளிலும் உயில்களிலும் இந்தத் தாய்மாரைத் தேடிச் செல்கிறது. சென்னை, கடலூர் பதிவேடுகளில் அதே தேடலை யாரேனும் முழுமையாகச் செய்ய வேண்டும். தந்தையின் பெயரும் படைப்பிரிவும் பதவியும் தெளிவான கையெழுத்தில் இருக்கும். தாய்க்குரிய இடத்தில் பெரும்பாலும் பெயர் இராது. 'ஒரு சுதேசிப் பெண்' என்று மட்டும் இருக்கும்.