கல்லறைத் திருநாளில் ஒரு கொலை

1963ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள். இறந்த விசுவாசிகள் அனைவரையும் திருச்சபை நினைவுகூரும் கல்லறைத் திருநாள். தென் வியட்நாமின் தலைநகரான சைகோனை ஒட்டிய சீனர் குடியிருப்புப் பகுதி சோலோன். அங்குள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் அன்று காலை உடன்பிறந்தார் இருவர் செபித்துக்கொண்டிருந்தனர். மூத்தவர் நோ தின் தியெம், ஒன்பது ஆண்டுகள் அந்நாட்டை ஆண்டவர். இளையவர் நோ தின் நூ, அண்ணனின் ஆட்சிக்கு மூளையாகவும் கையாகவும் இருந்தவர். நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மணியடித்து மறைக்கல்வி புகட்டிய அதே சவேரியாரின் பெயர் தாங்கிய ஆலயம் அது. அங்கிருந்தே இருவரும் தம்மைப் பிடிக்க வந்த படையினரிடம் சரணடைந்தனர். கைகள் பின்புறம் கட்டப்பட்டுக் கவச ஊர்தி ஒன்றில் ஏற்றப்பட்டனர். படைத் தலைமையகத்தை அந்த ஊர்தி அடைந்தபோது, துப்பாக்கிக் குண்டும் கத்திக்குத்தும் பட்ட இரு சடலங்களே அதில் இருந்தன.

இச்செய்தியை இன்று எண்ணிப் பார்க்கும்போதும் நம் உள்ளம் ஒரு நிலையில் நிற்பதில்லை. கொல்லப்பட்டவர் நாள்தோறும் திருப்பலியில் பங்கேற்றவர். மணம் புரியாது துறவிபோல் வாழ்ந்தவர். தமக்கெனச் செல்வம் சேர்த்தார் என்று பகைவராலும் அழுத்திச் சொல்ல இயலாதவர். அவர் சிறையிலிட்டவர்களோ பல்லாயிரவர். அவர் மாண்டார் என்று கேட்டதும் சைகோன் வீதிகளில் மக்கள் ஆடிப் பாடினர், படைவீரர்களுக்கு மலர் சூட்டினர். அம்மகிழ்ச்சியைப் பொய்யென்று தள்ள நமக்கு மனம் வரவில்லை; அம்மகிழ்ச்சியில் பங்குகொள்ளவும் மனம் வரவில்லை.

தியெம் 1901இல் பிறந்தவர். தந்தை நோ தின் கா, ஹுவே அரசவையில் உயர் பதவி வகித்தவர். 1933இல் பேரரசர் பாவோ தாய், தியெமை உள்துறை அமைச்சராக்கினார். பிரெஞ்சுக்காரர் சீர்திருத்தங்களுக்கு இடங்கொடார் என்று கண்டதும் சில மாதங்களிலேயே அவர் பதவியைத் துறந்தார். 1945இல் பொதுவுடைமையினர் அவருடைய மூத்த அண்ணன் கோய் என்பவரையும் அவர் மகனையும் கொன்றனர். பின்னர் ஹோ சி மின் தம்முடன் சேர அழைத்தபோது தியெம் மறுத்துவிட்டார். நாடு நீங்கியபின் அமெரிக்காவில் மேரிநோல் சபையாரின் குருமடங்களிலும், பெல்ஜியம் நாட்டில் பெனடிக்ட் சபை மடம் ஒன்றிலும் தங்கினார். 1954 ஜூன் மாதத்தில் தலைமையமைச்சராகத் தாயகம் திரும்பினார்.

அடுத்த மாதமே ஜெனீவா உடன்படிக்கை நாட்டை 17ஆம் இணைகோட்டில் இரண்டாகப் பிரித்தது. அதைக் கண்காணிக்கும் பன்னாட்டு ஆணையத்திற்கு நம் இந்தியாவே தலைமை ஏற்றது. வடக்கிலிருந்து ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் தெற்கே வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். பங்குத்தந்தையரின் பின்னே ஊர் ஊராகப் பெயர்ந்து வந்த அம்மக்களுக்கு நிலமும் நிழலும் தந்தவர் தியெம். சைகோனில் சூதாட்ட விடுதிகளையும் காவல்துறையையும் ஒருங்கே கைக்குள் வைத்திருந்த பின் சுயென் கூட்டத்தை 1955இல் முறியடித்தவரும் அவரே. அவ்வாண்டுகளில் அவரை விடுதலை வீரராகக் கண்டோர் மதியிழந்தவர் அல்லர்.

ஆயினும் அதே 1955 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் தமக்கு 98 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு விழுந்ததாக அவர் அறிவித்தார். சைகோன் நகரில் பதிவுபெற்ற வாக்காளரைவிட விழுந்த வாக்குகளே மிகுதி! 1956இல் நாடு முழுவதற்கும் நடந்திருக்க வேண்டிய தேர்தலை அவர் ஏற்கவில்லை. 1959இல் வந்த 10/59 எனும் சட்டம், படை நீதிமன்றங்கள் விரைந்து விசாரித்து மரண தண்டனை விதிக்க வழிசெய்தது, மேல்முறையீட்டுக்கு இடமில்லை. ஆட்சி மெல்ல மெல்ல ஒரு குடும்பத்தின் உடைமையாயிற்று. தம்பி நூவின் கையில் மறைமுகக் கட்சியும் உளவுப்படையும். மற்றொரு தம்பி கானின் பிடியில் நடு வியட்நாம். கடைசித் தம்பி லண்டனில் தூதர். அண்ணன் துக், ஹுவேயின் பேராயர். நூவின் மனைவியோ அரசியின் இடத்தில் இருந்தார்.

நமக்கு மிகவும் உறுத்தும் பகுதி ஹுவேயில்தான் தொடங்குகிறது. தென் வியட்நாமில் கத்தோலிக்கர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே. பிரெஞ்சு ஆதிக்கம் நீடித்த 1950இல் பிறந்த பத்தாம் எண் ஆணை, பௌத்த சமயத்தை வெறும் சங்கங்களின் வரிசையில் வைத்தது. கத்தோலிக்கத் திருச்சபைக்கு மட்டும் விலக்கு அளித்தது. அவ்வாணையைத் தியெம் நீக்கவே இல்லை. 1963 மே மாதத் தொடக்கத்தில், துக் ஆயராகத் திருநிலை பெற்ற வெள்ளி விழாவை ஒட்டி ஹுவே நகரில் வத்திக்கான் கொடிகள் பறந்தன. சில நாட்களில் புத்தர் பிறந்த நாள் வந்தது. சமயக் கொடிகளைப் பொதுவிடங்களில் ஏற்றலாகாது என்ற பழைய விதி அப்போதுதான் அரசின் நினைவுக்கு வந்தது. மே 8ஆம் நாள் இரவு வானொலி நிலையத்தின்முன் கூடிய கூட்டத்தின்மீது அரசுப் படையினர் பாய்ந்தனர். எட்டுப் பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களுள் சிறார் பலர். கொன்றவர் பொதுவுடைமைக் கலகக்காரரே என்று அரசு சாதித்தது.

ஒரு கொடி! அதைப் பறக்கவிட்டிருந்தால் எதுவும் குடிமுழுகிப் போயிராது. தம் கொடி பறந்த தெருவில் அயலார் கொடியைப் பொறுக்க இயலாத மனம் எவ்வாறு உருவாயிற்று என்பதே நாம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளும் வினா. ஜூன் 11ஆம் நாள் சைகோனின் நாற்சந்தி ஒன்றில் திக் குவாங் டுக் எனும் முதிய துறவி தம் உடலுக்குத் தீயிட்டுக்கொண்டு அசையாது அமர்ந்திருந்தார். மால்கம் பிரௌன் எடுத்த ஒளிப்படம் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. அக்காட்சியை இறைச்சி வாட்டும் விருந்தோடு ஒப்பிட்டு எள்ளி நகையாடினார் நூவின் மனைவி. அவர் திருமுழுக்குப் பெற்றவர் என்பதை நினைக்கும்போது நம் தலை தாழ்கிறது. ஆகஸ்ட் 21ஆம் நாள் நூவின் சிறப்புப் படைகள் நாடெங்கும் பௌத்த ஆலயங்களில் புகுந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரைச் சிறைப்பிடித்தன.

அதன்பின் நடந்தவை விரைவில் சொல்லத்தக்கவை. ஆகஸ்ட் 24ஆம் நாள் வாஷிங்டனிலிருந்து தூதர் லாட்ஜுக்குச் சென்ற தந்தி, தளபதிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. பௌத்தர் நிலையை நேரில் அறிய ஐக்கிய நாடுகள் அவை அனுப்பிய குழு, அக்டோபர் இறுதியில் சைகோனில் விசாரணை நடத்திக்கொண்டிருந்தது. நேபாளமும் இலங்கையும் அதில் இடம்பெற்றிருந்தன. அக்குழு தன் பணியை முடிக்குமுன்னரே, புனிதர் அனைவர் பெருவிழாவான நவம்பர் முதல் நாள், தளபதி துவாங் வான் மின் தலைமையில் படைகள் எழுந்தன. மாலையில் தியெம் லாட்ஜைத் தொலைபேசியில் அழைத்து அமெரிக்காவின் நிலை யாது என வினவினார். வாஷிங்டனில் அப்போது விடியற்காலை நான்கரை மணி, எனவே தம் அரசுக்குக் கருத்து ஒன்றும் இருக்க இயலாது என்பது தூதர் தந்த மறுமொழி. எத்துணை நயமான கைகழுவல்! பிலாத்துவுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. இவருக்குக் கடிகாரம் போதுமாயிற்று.

கொலைக்கான ஆணை யாருடையது என்பதில் தளபதிகள் பின்னாளில் ஒருவரையொருவர் சுட்டினர். மிகப் பலரின் விரல் மின்னை நோக்கியே நீண்டது. செய்து முடித்தவர் அவருடைய மெய்க்காவலரான படைத்தலைவர் நுங். உடன்பிறந்தார் தற்கொலை செய்துகொண்டனர் என்றே முதலில் அறிவித்தார்கள். கட்டப்பட்ட கைகளோடு கிடந்த சடலங்களின் படங்கள் வெளிவந்ததும் அப்பொய் நிற்கவில்லை. செய்தி கேட்ட கென்னடி முகம் வெளிறி அறையை விட்டு விரைந்து வெளியேறியதாகத் தளபதி டெய்லர் எழுதியுள்ளார். நவம்பர் 4ஆம் நாள் கென்னடி தம் குரலிலேயே பதிவுசெய்த குறிப்பில், இதில் தம் அரசுக்குப் பெரும் பொறுப்பு உண்டென ஒப்புக்கொண்டார். ஒரு கத்தோலிக்கத் தலைவரின் வீழ்ச்சிக்கு மற்றொரு கத்தோலிக்கத் தலைவரின் இசைவு வழிவிட்டது. நவம்பர் 22ஆம் நாள் டல்லாஸ் நகரில் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்விரு சாவுகளையும் காரண காரியமாகப் பிணைத்து இறைத் தீர்ப்பு என்று பேசுவோர் உண்டு. அத்தகைய கணக்கில் நமக்கு நம்பிக்கை இல்லை.

கொடுங்கோலனைக் குடிகள் கொல்லலாமோ என்ற வழக்கு மிகப் பழையது. எந்தக் குடிமகனும் தன் விருப்பப்படி கொடுங்கோலனைக் கொல்லலாம் என்ற கோட்பாட்டைக் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் 1415இல் கண்டித்தது. நம் வள்ளுவரும் கொடுங்கோன்மைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். ஆனால் குடிகளின் கையில் அவர் வாளைத் தரவில்லை. தியெமின் வழக்கிலோ வாளேந்தியவர் குடிகள் அல்லர். நேற்றுவரை அவரிடம் பதவியும் பரிசிலும் பெற்ற தளபதிகள். ஹுவேயில் மாண்ட சிறாருக்கு நீதி வழங்கும் மன்றம் அந்தக் கவச ஊர்திக்குள் கூடவில்லை. விசாரணை நடந்திருந்தால் வெளிவந்திருக்க வேண்டிய உண்மைகள் பலவும் இருவரோடு புதைந்தன. நுங்கும் மூன்று மாதத்திற்குள் சிறைக்காவலில் மாண்டார். தம்பி கான் 1964 மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நாடு நலம் பெற்றதா? 1964 சனவரியிலேயே அடுத்த புரட்சி மின்னைக் கவிழ்த்தது. பின்னும் அரசுகள் மாறிக்கொண்டே இருந்தன. 1965இல் அமெரிக்கப் போர்ப்படைகள் வந்திறங்கின. 1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோனை ஒப்படைத்த கடைசிக் குடியரசுத் தலைவர் அதே துவாங் வான் மின். தியெம் இருந்திருந்தால் வேறாகியிருக்கும் என்று அவர் அன்பர்கள் சொல்வதை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. 1963 கோடையில் அவர் நாட்டின் பெரும்பான்மையோரைத் தமக்கு அயலாராக்கிவிட்டிருந்தார்.

பேராயர் துக், அந்நாட்களில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்காக உரோமையில் இருந்தார். ஹுவே மறைமாவட்டத்திற்கு அவர் மீண்டும் திரும்பவே இல்லை. அதே சங்கம் 1965 டிசம்பர் 7ஆம் நாள் சமய சுதந்திரம் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. மனச்சான்றை எவரும் வற்புறுத்தலாகாது என்று அது கூறியபோது, ஹுவே வானொலி நிலைய வாயிலில் மாண்டோரை நினைத்த ஆயர்கள் அங்கே ஒருசிலராவது இருந்திருப்பர் என்று எண்ண விரும்புகிறோம்.

இக்குடும்பத்தில் வேறொரு முகமும் உண்டு. தியெமின் தங்கை மகன் பிரான்சிஸ் சவேரியார் துவான். 1975இல் சைகோனின் உதவிப் பேராயராக நியமனம் பெற்ற சில மாதங்களில் கைதானார். பதின்மூன்று ஆண்டுச் சிறை. அதில் ஒன்பது ஆண்டுகள் தனிமை. உள்ளங்கையில் மூன்று துளி இரசமும் ஒரு துளி நீரும் விட்டுத் திருப்பலி நிறைவேற்றியவர், தம்மைக் காவல் காத்தோரையே நண்பராக்கிக்கொண்டவர். 2001இல் கர்தினாலாகி, 2002இல் மறைந்தார். மாமன்மாரைக் கொன்றவர்களையும் மன்னித்த இவரிடத்தில், அவர்களது ஆட்சியால் துயருற்றோரின் புண்ணை மறைக்கும் பேச்சை நாம் காணவில்லை.

கொல்லப்பட்ட இருவரும் முதலில் சைகோனில் அடையாளமின்றிப் புதைக்கப்பட்டனர். பிற்பாடு லாய் தியூ இடுகாட்டுக்கு அவர்களின் எலும்புகள் மாற்றப்பட்டன. அங்கும் நெடுங்காலம் கல்லறைகளில் அவர்களின் பெயர்கள் இல்லை. ஒரு கல்லில் 'அண்ணன்' என்றும் மற்றதில் 'தம்பி' என்றும் பொருள்தரும் சொற்களே, அவர்களின் திருமுழுக்குப் பெயர்களோடு பொறிக்கப்பட்டிருந்தன: அருளப்பர் அண்ணன், யாக்கோபு தம்பி.