சூடு ஒன்று, கணக்கு மூன்று



பேரனுக்குக் காய்ச்சல். பாட்டி ‘நூற்றிரண்டு’ என்கிறார். மருமகள் ‘முப்பத்தொன்பது’ என்கிறார். யார் சொல்வது சரி? இருவருமே சரிதான். பாட்டி சொல்வது பாரன்ஹைட், மருமகள் சொல்வது செல்சியஸ். அலகைச் சொல்லாத எண் அரைகுறைச் செய்தியே.

இந்தக் குழப்பம் எங்கே தொடங்கியது? டான்சிக்கில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் கருவிகள் செய்த பாரன்ஹைட், 1724ஆம் ஆண்டில் தமது அளவீட்டை வெளியிட்டார். பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகியவை சேர்ந்த கலவையின் குளிருக்கு 0 என்று வைத்தார். வெறும் பனிக்கட்டியும் நீரும் சேர்ந்தால் 32, மனித உடற்சூடு 96 என்றார்.

சுவீடன் வானியலாளர் செல்சியஸ் 1742இல் நூறு படிகளைக் கொண்ட அளவீட்டைத் தந்தார். வேடிக்கை என்னவென்றால், நீரின் கொதிநிலைதான் அவருக்கு 0; உறைநிலை 100! அவர் 1744இல் மறைந்தார். பின்னர் அது தலைகீழாகத் திருப்பப்பட்டது. ‘சென்டிகிரேட்’ என்ற பெயரை 1948இல் அனைத்துலக எடை, அளவை மாநாடு நீக்கி, ‘டிகிரி செல்சியஸ்’ என்று அறிவித்தது.

இவ்விரு அளவீடுகளிலும் சுழி என்பது மனிதர் வைத்த இடம்தான். ஆகவே 30 டிகிரி வெயில், 15 டிகிரியைப் போல் இருமடங்கு சூடு அன்று. இயற்கையே வைத்த சுழி ஒன்று உண்டு. அதிலிருந்து எண்ணும் அளவீட்டை 1848இல் முன்மொழிந்தவர் வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு. அந்தச் சுழி, செல்சியஸில் 0க்குக் கீழே 273.15 டிகிரி. இங்கே 300 என்பது உண்மையாகவே 150இன் இருமடங்கு. மீட்டர், கிலோகிராம் போல அதுவும் ஓர் அலகாகிவிட்டதால், 1967இல் ‘டிகிரி கெல்வின்’ என்பதிலிருந்து ‘டிகிரி’ நீக்கப்பட்டது. இனி வெறும் ‘கெல்வின்’ மட்டுமே.

எழுதும் முறைதானே, இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? உலக வெப்பம் 1.5 டிகிரி செல்சியஸ் உயர்வதாகப் படிக்கிறோம். பாரன்ஹைட்டில் அந்த உயர்வு 2.7 டிகிரி. பழக்கதோஷத்தில் 32ஐக் கூட்டினால் 34.7 ஆகிவிடும்! வெப்பநிலையை மாற்றும்போதுதான் 32 வேண்டும். உயர்வைக் கணக்கிடும்போது வேண்டியதில்லை.

எண்ணை எழுதுங்கள், சற்று இடம் விட்டு அலகையும் எழுதுங்கள். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மருந்து கொடுக்கும் வீட்டில், அந்த ஒரு சொல் பெரிய சொல்.