பாலத்தின் இந்தப் பக்கம்

யூட்யூபில் ஒரு பழைய காணொளி இருக்கிறது. ஆமூ தர்யா நதியின் மேல் ஒரு பாலம். செங்கொடி கட்டிய கவச வண்டிகள் வரிசையாகக் கடந்து வருகின்றன. கடைசியில் ஓர் அதிகாரி வண்டியிலிருந்து இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே வருகிறார். எதிரே கையில் பூக்களோடு ஒரு பையன் போகிறான். அவருடைய மகன். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். அன்றைக்குத் தேதி 1989 பிப்ரவரி 15. நடந்து வருகிறவர் ஜெனரல் போரிஸ் குரோமவ், ஆப்கானிஸ்தானில் இருந்த சோவியத் 40ஆவது ராணுவத்தின் தளபதி. தனக்குப் பின்னால் அங்கே ஒரு சோவியத் வீரன்கூட இல்லை என்று அவர் சொன்னது உலகச் செய்தியாகிவிட்டது.

முதல் தடவை பார்த்தபோது எனக்கும் நல்லாத்தான் இருந்தது. அப்பா வந்துட்டார், பையன் பூ கொடுக்கிறான், போர் முடிஞ்சாச்சு. வேறென்ன வேண்டும்? அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அந்தப் பாலத்தின் இந்தப் பக்கம், அதாவது சோவியத் கரையில், யார் யார் நின்றிருக்க முடியும் என்கிற கேள்வி என்னை விடவில்லை. பூ கொடுக்க மகன் வந்திருந்தான். பூவை வாங்கிக்கொள்ள ஆளில்லாத வீடுகள் எத்தனை? அந்த வீடுகளுக்கு இந்த நாள் என்னவாக இருந்தது?

இதற்குப் பதில் தேட வேண்டுமானால் பத்து வருடம் பின்னால் போக வேண்டும்.

1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அடுத்த ஒன்பது வருடங்களில் ஆறு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அங்கே போய் வந்தார்கள். பெரும்பாலோர் கட்டாய ராணுவச் சேவையில் எடுக்கப்பட்ட பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். நாட்டுக்குள் இது போர் என்றே சொல்லப்படவில்லை. நம் பையன்கள் அங்கே மரம் நடுகிறார்கள், பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள், ஆப்கான் மக்களுக்கு உதவுகிறார்கள். ஆரம்ப வருடங்களில் பத்திரிகைகள் காட்டிய படம் இதுதான். இதற்கு வைத்த பெயர் ‘சர்வதேசக் கடமை’.

கடமையை முடித்தவர்களில் சிலர் துத்தநாகப் பெட்டிகளில் திரும்பினார்கள். பெட்டி பற்றவைத்து மூடப்பட்டிருக்கும், திறக்கக் கூடாது. ராணுவக் கணக்கில் அதற்குப் பெயர் ‘சரக்கு 200’. அதைச் சுமந்து வந்த விமானங்களைச் சிப்பாய்கள் ‘கறுப்பு டூலிப்’ என்றார்கள். சத்தமில்லாமல் புதைத்துவிட வேண்டும், பெரிய கூட்டம் கூடக் கூடாது. உள்ளே இருப்பது தன் மகன்தானா என்ற சந்தேகம் சில தாய்மாரை வருடக்கணக்கில் பிடித்து ஆட்டியது. முகத்தைப் பார்க்காமல் எப்படி நம்புவது?

1981 ஜூலை 30 அன்று கூடிய பொலிட்பீரோ கூட்டத்தின் குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. என்னை அதிகம் தொந்தரவு செய்த ஆவணம் அதுதான். இறந்த வீரர்களின் குடும்பத்துக்குக் கல்லறைக் கல் வைக்க ஆளுக்கு ஆயிரம் ரூபிள் கொடுக்கலாமா என்பது விஷயம். சுஸ்லோவ் யோசிக்கிறார். பணம் பெரிய விஷயமில்லையாம். கல்லில் ஆப்கானிஸ்தான் என்று எழுதி, ஒரே இடுகாட்டில் அப்படிப் பல கல்லறைகள் சேர்ந்துவிட்டால் அரசியல்ரீதியாக அது சரியாக இருக்காது என்பதுதான் அவருடைய கவலை. ஆந்த்ரோபவும் ஆமோதிக்கிறார்: மரியாதையோடு அடக்கம் செய்யலாம், நினைவுச் சின்னம் அளவுக்குப் போக இன்னும் காலம் வரவில்லை. பெற்றோருக்கு எழுதும் பதில்கள் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதும் அங்கே பேசப்படுகிறது.

ஆக, ஒரு தாய் தன் மகனின் கல்லில் அவன் செத்த ஊரின் பெயரைப் பொறிக்க முடியாது. சர்வதேசக் கடமையை நிறைவேற்றும்போது இறந்தான், அவ்வளவுதான். எந்த நாட்டில், யாரோடு சண்டை போட்டு, ஒன்றும் கிடையாது. அந்த இரண்டு சொற்களைத்தான் அரசு அவளுக்குக் கொடுத்தது. வேறு எதுவும் இல்லாததால் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் சும்மா இருந்துவிடவில்லை. கோர்பச்சேவ் பதவிக்கு வந்த 1985ஆம் வருடம், அக்டோபர் 17 அன்று நடந்த பொலிட்பீரோ கூட்டத்தில் அவர் ஒரு கட்டுக் கடிதங்களிலிருந்து சிலவற்றை வாசித்துக் காட்டினார். அவருடைய உதவியாளராகப் பிறகு பணிபுரிந்த செர்னியாயெவின் நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. எழுதியவர்களில் தாய்மார் பலர். என்ன சர்வதேசக் கடமை, யார் பெயரில், ஆப்கான் மக்களே இதைக் கேட்டார்களா என்று அவர்கள் நேராகக் கேட்டிருந்தார்கள். தப்பு செய்துவிட்டீர்கள், சீக்கிரம் திருத்துங்கள் என்று எழுதியவர்களும் உண்டு. மறு வருடம் பிப்ரவரியில் கட்சி மாநாட்டு மேடையிலேயே கோர்பச்சேவ் ஆப்கானிஸ்தானை ரத்தம் கசியும் காயம் என்றார். 1988 ஏப்ரலில் ஜெனீவா ஒப்பந்தம் கையெழுத்தானது. மே 15 அன்று படை திரும்பத் தொடங்கியது.

படை திரும்ப ஆரம்பித்த அதே மாதத்தில்தான் அரசு முதன்முறையாகக் கணக்கு சொன்னது. இறந்தவர்கள் 13,310. காயமடைந்தவர்கள் 35,478. காணாமல் போனவர்கள் 311. எட்டு வருடத்துக்கும் மேலாகத் தனக்கு மட்டும் நேர்ந்த விபத்துபோல ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சுமந்தது, ஒரே நாளில் ஒரு பெரிய எண்ணாக எல்லோர் முன்னாலும் வந்து நின்றது. போர் முடிந்தபோது இறந்தவர்கள் சுமார் 15,000. அதே வருடங்களில் இறந்த ஆப்கானியர்கள் பத்து லட்சம் இருக்கலாம் என்பது பரவலான கணிப்பு. அந்தத் தாய்மார் எந்தப் பாலத்திலும் யாரையும் எதிர்கொண்டு அழைக்கவில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது இல்லை என்றாலும் அவர்களைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். படை திரும்பிய செய்தி வீடுகளுக்குள் எப்படி இறங்கியிருக்கும்?

ஒரு வீட்டில் மகன் உயிரோடு வந்துவிட்டான். இன்னொரு வீட்டில் பதினேழு வயதுப் பையன் இருக்கிறான், அடுத்த வருடம் அழைப்பாணை வரும். இந்த இரண்டு வீட்டிலும் அன்றைக்குத்தான் மூச்சு வந்திருக்கும். இதில் கலப்பு எதுவும் இல்லை, சுத்தமான நிம்மதி. ஆனால் வந்தவனுக்கு வேறு சிக்கல்கள் காத்திருந்தன. வீடு கேட்டு, மருத்துவ உதவி கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறியவர்களுக்குக் கிடைத்த பதில், ‘நாங்களா உங்களை அங்கே அனுப்பினோம்?’ அந்த ஒரு வாக்கியம் ஒரு தலைமுறை வீரர்களின் கசப்புக்கே தலைப்பாகிவிட்டது.

மூன்றாவது வீட்டில் மகன் காணாமல் போனவர்கள் பட்டியலில் இருக்கிறான். படை அங்கே இருக்கும்வரை தேட ஆள் இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. கடைசி வண்டி பாலத்தைத் தாண்டிவிட்டால்? தனக்குப் பின்னால் ஒரு வீரனும் இல்லை என்று தளபதி சொல்லும்போது, தன் மகன் எந்தக் கணக்கில் வருகிறான் என்று அந்த அம்மா கேட்டிருப்பாள்தானே. சோவியத் யூனியனே கலைந்த பிறகு, தானும் அங்கே போரிட்ட ருஸ்லான் அவுஷெவ் தலைமையில் ஒரு குழு காணாமல் போனவர்களைத் தேடிக்கொண்டே இருந்தது. 2013இல் ஹெராத் பகுதியில் ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். சாமர்கண்டிலிருந்து போன உஸ்பெக் சிப்பாய். முப்பது வருடத்துக்கு மேலாக வேறு பெயரில் மூலிகை வைத்தியம் பார்த்துக்கொண்டு அங்கேயே வாழ்ந்திருந்தார்.

நான்காவது, துத்தநாகப் பெட்டி வந்த வீடு. இங்கேதான் எனக்கு எதுவும் சுலபமாகப் பிடிபடவில்லை. போர் நிற்க வேண்டும் என்று அந்த அம்மாவும்தான் விரும்பினாள். இனி ஒரு பிள்ளையும் சாக வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் படை திரும்பிய மறுநாளே ஒரு கேள்வி வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இப்போது கிளம்ப முடியும் என்றால், அன்றைக்கே கிளம்பியிருக்க முடியாதா? என் மகன் சாவதற்கு முன்னால்?

கேள்வியைச் சத்தமாகக் கேட்டவர்கள் அரசியல் மேடைக்கும் வந்தார்கள். ஆந்த்ரே சகாரவ் இந்தப் போரை முதலிலிருந்தே எதிர்த்ததால் 1980இல் கோர்க்கி நகருக்கு நாடுகடத்தப்பட்டவர். 1989 ஜூன் 2, மக்கள் பிரதிநிதிகள் பேரவையில் செர்வோனோபிஸ்கி என்ற உறுப்பினர் அவரைக் கடுமையாகச் சாடினார். ஆப்கானிஸ்தானில் இரண்டு கால்களையும் இழந்தவர் அவர். சுற்றிவளைக்கப்பட்ட தம் வீரர்கள் பிடிபடாமலிருக்க சோவியத் ஹெலிகாப்டர்களே அவர்களைச் சுட்டன என்று சகாரவ் ஒரு பேட்டியில் சொன்னதுதான் காரணம். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பதில் சொல்ல எழுந்த சகாரவைக் கூச்சலிட்டு அடக்கப் பார்த்தார்கள். அதே வருடம் டிசம்பர் 14 அன்று அவர் இறந்துபோனார். சரியாகப் பத்து நாள் கழித்து, டிசம்பர் 24 அன்று, அதே பேரவை ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பிய முடிவு தார்மீக, அரசியல் கண்டனத்துக்கு உரியது என்று தீர்மானம் போட்டது. போரிட்ட வீரர்கள்மீது இது எந்த நிழலையும் வீழ்த்தாது என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டது.

எனக்கு அந்தத் தீர்மானம் சரியானதுதான். ஓர் அரசு தன் தவறைத் தானே ஒப்புக்கொள்வது அபூர்வம். ஆனால் அதை அந்த நான்காவது வீட்டில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். 1981இல் ஊர்ப் பெயரைக் கல்லில் எழுதாதே என்றார்கள். 1989இல் அந்த ஊருக்குப் போனதே தப்பு என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், என் பிள்ளை எங்கே, எதற்காகச் செத்தான் என்று வாய்விட்டுச் சொல்லி அழ அவளுக்கு ஒருநாள்கூடக் கிடைக்கவில்லை. முதலில் ரகசியம். ரகசியம் விலகியதும் நேராகக் கண்டனம். அவளிடம் மிச்சமிருந்த ‘சர்வதேசக் கடமை’ என்ற அந்த இரண்டு சொற்களையும் இப்போது திருப்பி எடுத்துக்கொண்டாயிற்று.

பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் மீது நடந்த வழக்கை இதையெல்லாம் படித்த பிறகுதான் என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. தாய்மாரிடமும் வீரர்களிடமும் நேரில் போய்க் கேட்டு, அவர்கள் வாய்மொழியாகவே இந்தப் போரை எழுதியவர் அவர். ‘துத்தநாகப் பையன்கள்’ என்ற அந்தப் புத்தகத்துக்காக 1993இல் மின்ஸ்க் நீதிமன்றத்தில் நின்றார். வழக்குப் போட்டவர்களில், அவரிடம் மனம்விட்டுப் பேசி அழுத தாய்மாரும் இருந்தார்கள். சொன்னதைத் திரித்துவிட்டார், எங்கள் பிள்ளைகளின் கௌரவத்தைக் கெடுத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. பின்னால் ராணுவத்தரப்பின் தூண்டுதல் இருந்தது என்று அலெக்ஸியேவிச்சின் ஆதரவாளர்கள் சொன்னார்கள். இருந்திருக்கலாம். ஆனால் தூண்டினால் பற்றிக்கொள்ள அங்கே ஏற்கெனவே ஏதோ காய்ந்து கிடந்தது. சாகடித்தவர்களை விட்டுவிட்டு, எழுதியவர்மேல் ஏன் கோபம்? அனுப்பிய தலைவர்களில் பெரும்பாலோர் அதற்குள் செத்துவிட்டார்கள். அனுப்பிய நாடே மறைந்துவிட்டது. கண்ணுக்கு எதிரே இருந்தது அந்த எழுத்தாளர் மட்டும்தான்.

நான் வேலை பார்க்கும் துறையில் இரண்டு வருடம் ராப்பகலாக உழைத்த ப்ராஜெக்டை ஒரே மீட்டிங்கில் மூடிவிடுவார்கள். மூடியதில்கூட வருத்தம் ஆறிவிடும். ‘இது ஆரம்பத்திலேயே தப்பான ஐடியா, நான் அப்பவே சொன்னேன்’ என்று ஒருத்தர் சொல்வார் பாருங்கள், அவர்மீதுதான் எல்லோருக்கும் ஆத்திரம் வரும். அவர் சொல்வது உண்மை என்பதால் ஆத்திரம் இன்னும் கூடும். ஏற்கெனவே போட்டது வீணாகிவிடக் கூடாதே என்று மேலும் மேலும் போடுவதை ‘சங்க் காஸ்ட்’ மடமை என்று எங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். இவ்வளவு பேர் செத்துவிட்டார்கள், அது வீணாகக் கூடாது என்று போரை நீட்டிப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள். தர்க்கம் சரி. ஆனால் தர்க்கத்தில் ‘போட்டது’ என்று ஒரு சொல்லில் முடிந்துபோவது அந்த வீட்டில் பெயரும், பள்ளிக்கூடப் புகைப்படமும், அளவு சிறியதாகிப்போன ஒரு சட்டையுமாக இருக்கிறது. அதை வீண் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. வீண் இல்லை என்று பொய் சொல்லவும் மனசு இல்லை. அந்த அம்மாவும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றிருக்கிறாள்.

நடுவில் நிற்பது அப்படியே உறைந்துபோவது என்று அர்த்தமில்லை. 1989இல்தான் மாஸ்கோவில் ராணுவ வீரர்களின் தாய்மார் குழு ஒன்று உருவானது. ஐந்து வருடம் கழித்து செச்னியாவில் போர் மூண்டபோது, சில தாய்மார் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கவில்லை. நேராகப் போர்முனைக்கே போய்த் தங்கள் பிள்ளைகளைத் தேடினார்கள். பெட்டி வரும்வரை காத்திருந்தவர்களின் கதை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மின்ஸ்க் நகரில் ஸ்விஸ்லாச் ஆற்றின் நடுவே ஒரு சின்னத் தீவு இருக்கிறது. கண்ணீர்த் தீவு என்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் இறந்த பெலாரஸ் வீரர்களுக்கான நினைவிடம், 1996இல் திறக்கப்பட்டது. நடுவே உள்ள சிற்றாலயத்தைச் சுற்றி நிற்பவை பெண்களின் உருவங்கள்: தாய்மார், சகோதரிகள், விதவைகள். உள்ளே 771 பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நான் அங்கே போனதில்லை, படங்களில்தான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்துக்குப் போகவும் ஒரு சின்னப் பாலத்தைக் கடக்க வேண்டும். குரோமவ் நடந்து வந்த பாலத்தில் ஒரே ஒரு பையன் பூவோடு எதிரே போனான். இங்கே எல்லோருமே பூவோடுதான் கடக்கிறார்கள். கொண்டுபோன பூவைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வருகிறார்கள்.