இரண்டரை மணி நேரத்தை அடக்கிய வட்டு: தமிழ்ப் படங்களின் வீட்டுப் பிரதிகளும் பிட் பங்கீடும்

வீட்டில் ஒரு தமிழ்ப் படம் ஓடும்போது கண்ணுக்கும் காதுக்கும் என்ன எட்டுகிறது என்பதைத் தொலைக்காட்சியின் அகலமோ ஒலிபெருக்கியின் விலையோ முதலில் தீர்மானிப்பதில்லை. பிரதி தயாரான இடத்தில், காட்சிக்கு இவ்வளவு பிட், ஒலிக்கு இவ்வளவு பிட் என்று போட்ட பங்கீடுதான் தீர்மானிக்கிறது. தமிழ்ப் படத்தின் நீளமும் பாடல்களும் இந்தப் பங்கீட்டைத் தொடக்கம் முதலே நெருக்கடிக்குள் தள்ளின என்பது இக்கட்டுரையின் வாதம்.

டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலத்தில் கேசட்டின் குறை தேய்மானம். நிறம் கசியும், ஓரம் நடுங்கும். ஆனால் படிப்படியாகத்தான் கெடும். 1993இல் வரையறுக்கப்பட்ட விசிடி வேறு வகைக் குறையைக் கொண்டுவந்தது. எம்பெக்-1 என்ற சுருக்க முறையில் காட்சிக்கு நொடிக்கு 1,150 கிலோபிட், ஒலிக்கு 224 கிலோபிட். ஒரு வட்டில் 74 நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் இரண்டு வட்டில்கூட அடங்காமல் மூன்றாவதைக் கேட்டது.

எம்பெக்-1 முறை சட்டகத்தை 16×16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, முந்திய சட்டகத்திலிருந்து ஒவ்வொரு கட்டமும் எங்கே நகர்ந்தது, என்ன மாறியது என்பதை மட்டும் பெரும்பாலும் குறித்துக்கொள்ளும். திண்ணையில் இருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு இது போதும். ஜிகினா உடையில் ஒரு கூட்டமே மழையில் ஆடும்போது எந்தக் கட்டமும் முந்தியதை ஒத்திருக்காது. ஒதுக்கிய பிட் தீர்ந்துபோக, முகங்கள் சதுரம் சதுரமாக உடைந்து, மழைத்தாரை சாம்பல் படலமாகிவிடும். செலவழித்து எடுத்த பாடல் காட்சிதான் வீட்டில் மிக மோசமாகத் தெரிந்தது.

அகலத்திரைப் படங்களுக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது. 1973இல் வெளியான ‘ராஜராஜ சோழன்’ தொடங்கித் தமிழ் சினிமா சினிமாஸ்கோப்புக்குப் பழகிவிட்டது. விசிடியின் பால் (PAL, இந்தியத் தொலைக்காட்சி முறை) வடிவத்தில் மொத்தமே 288 வரிகள். 2.35:1 விகிதப் படத்தை மேலும் கீழும் கருப்புப் பட்டை விட்டு அதில் பொருத்தினால் சுமார் 163 வரிகள்தான் மிஞ்சும். பட்டை வேண்டாம் என்று இரு பக்கமும் வெட்டினால் ஓரத்தில் நிற்கும் நடிகர் காணாமல் போவார்.

டிவிடி இதையெல்லாம் தீர்த்திருக்க வேண்டும். எம்பெக்-2, 576 வரிகள், காட்சிக்கு நொடிக்கு 9.8 மெகாபிட் வரை இடம் என்று வசதி தாராளமாகவே இருந்தது. ஆனால் 4.7 ஜிகாபைட் வட்டில் 150 நிமிடப் படத்தை ஏற்றினால் நொடிக்குச் சராசரி 4.2 மெகாபிட்கூட முழுதாகக் கிடைக்காது. 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவிலும், அடுத்த ஆண்டு ‘கருப்பு ரோஜா’ டிடிஎஸ்ஸிலும் வந்தபிறகு, வட்டின் அட்டையில் டிடிஎஸ் முத்திரை ஒரு விற்பனைச் சரக்காகிவிட்டது. முழு வீத டிடிஎஸ் 1.5 மெகாபிட்டைத் தின்னும். காட்சிக்கு எஞ்சுவது 2.7. டால்பி டிஜிட்டல் 448 கிலோபிட்டோடு நின்றால் 3.7 கிடைக்கும். வரவேற்பறையில் இரண்டே ஒலிபெருக்கி வைத்திருந்தவர்களுக்காக அந்த ஒரு மெகாபிட்டைக் காட்சியிலிருந்து எடுத்தது தவறான பங்கீடு என்றே கருதுகிறேன். 8.5 ஜிகாபைட் இரட்டை அடுக்கு வட்டு இதற்கு விடை. அதன் செலவைச் சந்தை எளிதில் ஏற்கவில்லை. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது, திருட்டு விசிடியோடு விலையில் மோதுவதற்காக. நடைபாதையிலோ ஒரே டிவிடியில் மூன்று படம் விற்றது. 450 நிமிடத்தை அதே 4.7 ஜிகாபைட்டில் அடக்கினால் நொடிக்கு 1.4 மெகாபிட், டிவிடி என்ற பெயரில் விசிடிக்குரிய பிட்தான் கிடைத்தது.

அதிகம் பேசப்படாத இழப்பு இசையில் நேர்ந்தது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம். இந்தியாவின் பால் தொலைக்காட்சி 25. எளிய வழியாகப் படத்தை 4 விழுக்காடு வேகமாக ஓட்டினார்கள். 150 நிமிடம் 144 ஆகும், சுருதியும் கூடவே ஏறும். ஒரு கட்டையில் பாடியவர் வீட்டில் ஒன்றரைக் கட்டையை நெருங்கி ஒலிப்பார். தியாகராஜ பாகவதர் குரலையோ டி.எம்.எஸ். குரலையோ இப்படிக் கேட்டே பழகியவர்களுக்கு, இசைத்தட்டில் அதே பாடல் மந்தமாகத் தோன்றும்.

புலம்பெயர்ந்தோர் சந்தை இதற்கு நேர்மாறான சிக்கலைத் தந்தது. கனடாவின் தொலைக்காட்சி அப்போது நொடிக்கு ஏறக்குறைய 30 சட்டகம் கொண்ட என்டிஎஸ்சி முறை. லண்டனின் ஐங்கரன் இன்டர்நேஷனல் போன்ற நிறுவனங்களின் வட்டுகள் டொராண்டோவிலும் ஓடியாக வேண்டியிருந்தது. இத்தகைய சந்தைக்கென வந்த பல தமிழ் வட்டுகளில் பால் நாடாவின் 25 சட்டகங்களைக் கலந்து ஏறக்குறைய 30 ஆக்கியதால், நடப்பவர் பின்னே அவருடைய நிழலுருவம் ஒட்டிக்கொண்டு வரும். நாட்டுக்குள்ளேயே, தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் தெலுங்கு மாற்றுக்குரலில் வெளியான ஹைதராபாதில், ஜீடிமெட்லா போன்ற தொழிற்பேட்டைக்குப் பிழைக்கப் போன குடும்பத்துக்கும் மூலக் குரலைக் கேட்க வட்டும் சன் டிவியும்தான் துணையாயிருந்தன. குறை தெரிந்தாலும் வேறு பிரதி தேட வழியிருக்கவில்லை.

எச்.264 (2003), எச்.இ.வி.சி. (2013) ஆகிய புதிய சுருக்க முறைகள் குறைந்த பிட்டில் நிறைந்த காட்சியைத் தந்தன. 2015இன் இறுதியில் நெட்ஃபிளிக்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் அதன் சிக்கலுக்கேற்பத் தனிப் பங்கீடு என்ற முறையை அறிவித்தது. மழைப் பாட்டு நிறைந்த படத்துக்கும் திண்ணைப் பேச்சுப் படத்துக்கும் ஒரே அளவு என்ற பழைய நியாயம் தளர்ந்தது. எனினும் 2020 மார்ச்சில், ஊரடங்கின் நெரிசலால், கைபேசி வலையமைப்பில் 480 வரிக்கு மேல் அனுப்புவதில்லை என்று இந்தியாவின் ஓடிடி நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. அவ்வாண்டே ‘பொன்மகள் வந்தாள்’, ‘சூரரைப் போற்று’ இரண்டும் திரையரங்கைத் தொடாமல் நேராக வீட்டுக்கு வந்தன.

“வசனம் கேட்கல, சண்டை வந்தா காதைக் கிழிக்குது” என்ற இன்றைய புகாரும் பங்கீட்டின் தொடர்ச்சியே. 5.1 கலவையில் வசனத்துக்கு நடுவில் தனி ஒலிபெருக்கி உண்டு. இரண்டு வாய் மட்டும் உள்ள தொலைக்காட்சியில் அதை 3 டெசிபல் குறைத்து இடமும் வலமும் கலப்பது வழக்கம். இசையும் வெடியும் அதே வாய்களில் முட்டி மோதுகின்றன. வீட்டுக்கெனத் தனி ஸ்டீரியோ கலவை செய்து இணைத்தால் இது நீங்கும்.

முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) ஒரு பிரதிகூட மிஞ்சாத மொழியில், வீட்டு நாடாவும் வட்டும் ஆவணமாகவே கருதப்பட வேண்டியவை. அவற்றைக் கையாள்வோர் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். பால் முறையால் மாறிய வேகத்தை மீட்கலாம். 25 சட்டகத்தை 24 ஆக ஓட்டினால் போதும், பாகவதர் தம் கட்டைக்கு இறங்கிவிடுவார். கலந்துவிட்ட சட்டகங்களை முழுமையாகப் பிரிப்பது அரிது. விசிடிக்காகத் தூக்கியெறிந்த பிட் திரும்பவே திரும்பாது. இன்றைய மென்பொருள் அதில் தெளிவாக்கித் தரும் முகம் அந்த நடிகருடையது அல்ல, கணினி ஊகித்து வரைந்தது.