கேள்விப்பத்திரமும் கேள்வியும்: கண்டி ரயில் பாதையிலிருந்து கலஹா ரோட்டு வரை

தெல்தோட்டை பஸ் எங்கள் பேராதனை வளாகத்தை ஊடறுத்துக்கொண்டுதான் மலையேறும். கலஹா ரோட்டு. போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது வழியில் ஒரு வளைவில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. பாதை வேலை. ஓரத்தில் ஒரு பலகை: வேலையின் பெயர், கொந்தராத்துக்காரர், தொகை, தொடங்கும் தேதி, முடியும் தேதி. முடியும் தேதி போய் நாளாச்சு. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா கேட்டா, "ஏன் புள்ள, இத அவங்களுக்கு யாரு குடுத்தது? வேற யாரும் கேக்கலையா?"

பின்னாலிருந்து ஒரு மாமா, "அதெல்லாம் நமக்கெதுக்கு" என்றார்.

அந்த "கேக்கலையா" எங்களை விடவில்லை. வேறு யாரும் அந்த வேலையைக் கேட்டு விண்ணப்பிக்கவில்லையா? இல்லை, ஏன் இவருக்குக் கொடுத்தீங்க என்று யாரும் கேட்கவில்லையா? டெண்டருக்கு இலங்கைத் தமிழில் நாம் வைத்திருக்கும் சொல்லே கேள்விப்பத்திரம்தான். முதல் கேள்வியைக் கேட்க ஆள் இருக்கு. இரண்டாவதை இந்த மலையில் இதுவரை யார் கேட்டிருக்கிறார்கள் என்று தேடப் போனோம்.

கதை கோப்பிக் காலத்தில் தொடங்குது. 1840களில் இந்த மலைகளில் விளைந்த கோப்பி மாட்டு வண்டியில்தான் கொழும்புக்கு இறங்கியது. ரயில் வேணும் என்று தோட்டத் துரைமார் துடித்தார்கள். 1845இல் லண்டனில் 'சிலோன் ரயில்வே கம்பனி' உருவானது. 1847இல் கோப்பி விலை விழ, பேச்சு படுத்துவிட்டது. பத்து வருடம் கழித்து, 1857இல், கப்டன் மூர்சம் என்ற பொறியியலாளர் வந்து ஆறு வழிகளை ஆராய்ந்து, மூன்றாவது வழி நல்லது, 856,557 பவுண் செலவாகும் என்று அறிக்கை கொடுத்தார். 1858 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். வேலை கம்பனியின் கையில்.

அதற்குப் பிறகுதான் சண்டை. கம்பனியின் பொறியியலாளர் போட்ட புதுக் கணக்கு மூர்சமின் தொகையைப் போல இரண்டு மடங்கையும் தாண்டியது. போட்ட முதலுக்கு வட்டி தருவதாக அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்திருந்ததால் செலவு ஏறுவது கம்பனிக்கு ஒரு கவலையே இல்லை. கவலை துரைமாருக்கு. ரயிலுக்கான பணத்துக்குக் கோப்பி ஏற்றுமதி மேல் தீர்வை போட்டிருந்தார்கள். தங்கள் பையிலிருந்து போகும் காசு என்றதும் துரைமார் சும்மா இருக்கவில்லை. 1861இல் கம்பனியுடனான ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அரசாங்கமே வேலையைப் பொறுப்பெடுத்து, கேள்விப்பத்திரம் கோரி, 1862 கடைசியில் வில்லியம் ஃபேவியல் என்பவரின் விலையை ஏற்றுக்கொண்டது: 873,039 பவுண். மூர்சமின் பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்க, வித்தியாசம் 17,000 பவுண்கூட இல்லை. 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. அதே வருடம்தான் தெல்தோட்டைக்குப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார்.

ஒரு பொதுக் கொந்தராத்தைக் கேள்வி கேட்டதால் இவ்வளவு மிச்சமானது என்பது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. பாடப்புத்தகத்தில் ரயில் வந்த வருடம் மட்டும்தான் இருக்கும்.

ஆனால் கேட்டவர்கள் யார் என்றும் பார்க்கணும். அவர்களுக்கு 1854இல் கண்டியில் தொடங்கிய தோட்டத் துரைமார் சங்கம் இருந்தது, கொழும்பில் பத்திரிகைகள் இருந்தன, சட்டசபையில் ஆள் இருந்தது. மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து வந்து கோப்பி பறித்த நம்ம ஆட்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. இன்னொரு விஷயம். ஃபேவியல் இலங்கைக்கு வருமுன் பம்பாய்ப் பக்கம் போர் காட் மலைப்பாதை வேலையை எடுத்திருந்தவர். 1859 ஜனவரியில் அங்கே கூலி கிடைக்காத தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், உயிரும் போனது. அந்த வருடமே அவர் அந்தக் கொந்தராத்தைக் கைவிட்டார். மூன்று வருடத்தில் கண்டிப் பாதை அவருக்குக் கிடைத்தது. பவுண் கணக்கை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த தேசத்தில் கூலிக் கணக்கு தடையாக வரவில்லை.

அடுத்த நூறு வருடத்தை வேகமாகத் தாண்டுகிறோம். 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தமிழரின் பெரும்பகுதியை நாடற்றவர்களாக்கியது. ஓட்டே இல்லாதவன் கொந்தராத்தைப் பற்றி எங்கே கேட்கிறது?

1978 அரசியலமைப்பில் ஒரு சொல்லைக் கவனியுங்க. 12(1)ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் "ஆட்கள்" எல்லாரும் சமம் என்கிறது. "பிரசைகள்" என்று சொல்லவில்லை. அதனால்தான் டெண்டரில் தோற்ற வெளிநாட்டுக் கம்பனியும் அதைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போகலாம். 2015இல் நுரைச்சோலை மின் நிலையத்துக்கு நிலக்கரி வாங்கும் வேலை சுவிஸ் சிங்கப்பூர் நிறுவனத்துக்குப் போனபோது, நோபல் ரிசோர்சஸ் என்ற சிங்கப்பூர்க் கம்பனி அப்படித்தான் போனது. 2016 தீர்ப்பில் நீதிமன்றம் அந்தக் கொள்வனவு நடந்த விதத்தைக் கடுமையாகச் சாடியது. நாடற்றவர் என்று பெயர் வாங்கிய எங்கள் தாத்தா பாட்டிக்கும் 1978இலிருந்து இதே உறுப்புரை இருந்திருக்கு. லயத்தில் யாரும் வந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போட்டியில் நிற்காத சாதாரண ஆட்கள் போன வழக்குகளும் உண்டு. எப்பாவல பொஸ்பேற்றை ஒரு பன்னாட்டுக் கம்பனிக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு எதிராக அந்த ஊர் விவசாயிகளும் ஒரு பிக்குவும் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அது கொள்வனவு வழக்கு இல்லை, ஆனாலும் ஊர்க்காரருக்கு வாசல் திறந்த வழக்கு. பிறகு விசா விவகாரம். விசா விண்ணப்பங்களைக் கையாளும் வேலை போட்டிக் கேள்விப்பத்திரம் இல்லாமலே வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போனது. எம்.ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சம்பிக்க ரணவக்க ஆகியோர் மனுப்போட, 2024 ஆகஸ்ட் 2ஆம் தேதி நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அந்தக் கட்டளையை நடைமுறைப்படுத்தாததற்காகக் குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் செப்டெம்பரில் விளக்கமறியலுக்கே போனார். மனுதாரரில் ஒருவர் எங்கள் கண்டி மாவட்ட எம்.பி. என்பதைச் சொல்லிக்கொள்கிறோம், சும்மா ஒரு தகவலுக்கு.

சரி, பஸ்ஸில் கேட்ட அம்மா கேட்கணும் என்றால்? 126ஆம் உறுப்புரைப்படி உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனுப்போடணும். எதை வைத்துப் போடுவது? எத்தனை பேர் விலை கொடுத்தார்கள், குறைந்த விலை யாருடையது என்று தெரியணும். 2016இன் தகவல் அறியும் சட்டம் அதைக் கேட்கும் உரிமையைப் பிரசைக்குத் தந்திருக்கு. விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லணும், தேவை என்றால் இன்னும் 21 நாள் நீட்டலாம். கூட்டிப் பாருங்க. பதில் வரும்போது அந்த ஒரு மாதம் போயிருக்கும். தோற்ற கம்பனிக்கு இந்தச் சிக்கல் இல்லை. தன் விலை அதற்குத் தெரியும், தோற்றதும் உடனே தெரியும். மாதக் கணக்கை யாரை மனதில் வைத்துப் போட்டார்கள் என்று எங்களுக்குக் கோபம் வருது.

ஒரு சின்ன வழி இருக்கு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996இன் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. சட்டம் படிக்கும் ஒரு அக்கா சொல்லித்தான் எங்களுக்கே தெரிய வந்தது.

பலகையை ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தோம். அந்தக் கொந்தராத்தை வழங்கி மாதக்கணக்காகிறது, வழக்குக்கு எங்களுக்கு நேரமில்லை. இருந்தாலும் மூன்று கேள்விகளோடு தகவல் விண்ணப்பம் ஒன்றை எழுதி, போன செவ்வாய் பதிவுத் தபாலில் போட்டோம்: எத்தனை பேர் விலை கொடுத்தார்கள், ஒவ்வொருவர் விலையும் என்ன, முடிவுத் தேதியை நீட்டியது யார். நாலாவதாக ஒன்றை, வேலையாட்களுக்கு நாட்கூலி எவ்வளவு என்று, கையாலேயே கீழே எழுதிச் சேர்த்தோம். பதிவுத் தபால் ரசீது எங்கள் நோட்டுக்குள் இருக்கு.